மலையிலிருந்து கோவை வரை: குழந்தைகள் சிகிச்சைக்கு வசூல் செய்பவர்கள் கவனத்துக்கு

நீலகிரியில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வாட்ஸப்பில் போட்டோவும் க்யூஆர் கோடும் சுற்ற ஆரம்பித்துவிடும். அதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துக்குப் போகணும். குழந்தையின் பெயர் ரேஷன் அட்டையில் ஏறாமல் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைச் சேருங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளப் பக்கம் போவதானால், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

காப்பீடு கிடைத்துவிட்டால் வசூல் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதற்கு வசூல் என்பதுதான் மாறுகிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருடம் சிகிச்சை நடக்கும். அம்மா கூடவே இருந்தால் தேயிலை பறிக்கிற கூலி போச்சு. கோவைக்குப் போய்வர பஸ், அங்கே சாப்பாடு, தங்குமிடம் எதையும் காப்பீடு பார்க்காது. பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவதற்கு இந்தச் செலவுகள் பெரிய காரணம். வசூல் பணமோ முதல் பத்து நாளில் வந்து நின்றுவிடும். அதனால் ஒரே தடவை பெரிய தொகை கேட்பதைவிட, 20 பேர் மாதம் 250 தரச் சம்மதிப்பது மேல். மாதம் 5,000 தவறாமல் வரும்.

அதில் ஒரு பகுதி எப்போதும் வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும். கீமோ எடுக்கும் குழந்தைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். ராத்திரி 11 மணிக்குக் கோத்தகிரியில் காய்ச்சல் அடித்தால் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. சிகிச்சை நடக்கும் வார்டுக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்லும் ஆஸ்பத்திரிக்கு அப்போதே கிளம்பணும். டாக்ஸிக்குக் கையில் காசு வேண்டும்.

பெற்றோரின் வங்கிக் கணக்கையும் விசாரியுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000க்கு மேல் போகக்கூடாது, வருடத்தில் 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000தான் எடுக்கலாம். பணம் வந்தும் அவசரத்துக்கு எடுக்க முடியாமல் தவிப்பார்கள். ஆவணம் கொடுத்துக் கணக்கை மாற்றிவிட்டு வசூலைத் தொடங்குங்கள். சிகிச்சைச் செலவுக்கே பணம் குறைந்தால், ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் வாங்கி, நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள். வரிச்சலுகை கேட்பவர்களுக்கு: தனிநபர் கணக்குக்குப் போட்டால் 80ஜி கிடையாது, பதிவுள்ள அறக்கட்டளைக்கும் 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

கடைகளில் வைக்கும் உண்டியலின் மூடியைக் காகிதம் ஒட்டி அடைத்து, அதன்மேல் இருவர் கையெழுத்துப் போடணும். திறக்கும்போது கடைக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை 500, எத்தனை 10 என்று ரசீது அடிக்கட்டையில் எழுதி, அன்றைக்கே வங்கியில் கட்டுங்கள்.

போஸ்டரில் ஆதார் நகல் வேண்டாம், மூக்கில் குழாயோடு குழந்தையின் முகமும் வேண்டாம். க்யூஆரை மாற்றி வைத்து ஏமாற்றுகிறார்கள்; அதன் கீழே கணக்குப் பெயரை எழுதினால் அனுப்புகிறவர் சரிபார்த்துக்கொள்வார். கடைசித் தேதியும் போடுங்கள். தேவை நிறைந்ததும் அதே படத்தின்மேல் ‘வசூல் முடிந்தது’ என்று எழுதி எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் குழந்தை குணமாகிப் பள்ளிக்குப் போன பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.