கட்டிவிட்டாலும் கையாடல்தான்

ஒரு பேரூராட்சியில் தணிக்கைக்காகச் சொத்து வரி ரசீதுகளின் அடிக்கட்டைகளையும் வங்கிச் செலான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வருடம் முழுவதையும் கூட்டினால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் ஜூன் முதல் வாரத்தில் வசூலான பணம் ஜூலைக் கடைசியில்தான் வங்கிக்குப் போயிருந்தது. ஜூலை வசூல் செப்டம்பரில். புது வசூலை எடுத்துப் பழைய பாக்கியைக் கட்டுகிற இந்த வித்தைக்கு அலுவலகங்களில் ‘ரொட்டேஷன்’ என்று பெயர்.

பில் கலெக்டர் என்னைவிட மூத்தவர். “சார், மகள் கல்யாணத்துக்குக் கைமாத்தா எடுத்தேன். எல்லாத்தையும் கட்டிட்டேன், செலானைப் பாருங்க” என்றார்.

“செலானில் தேதியைத்தான் அண்ணே பார்க்கிறேன்” என்றேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சட்டத்தில் அது செல்லாது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் கையாடல்தான் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. தன்னை நம்பி ஒப்படைத்த பணத்தைப் பொது ஊழியர் கையாடினால் பழைய சட்டத்தில் 409-ஆம் பிரிவு, இப்போது 316(5): ஆயுள் தண்டனைவரை போகலாம், இல்லையென்றால் பத்து ஆண்டுகள்வரை சிறை, கூடவே அபராதம். உள்ளாட்சியில் சம்பளம் வாங்குபவரும் இதில் பொது ஊழியரே. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் சேர்ந்தால் குறைந்தபட்சமே நான்கு ஆண்டுகள். பணத்தைத் திருப்பிக் கட்டியதை, தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது நீதிபதி கருத்தில் கொள்ளலாம். குற்றம் நடக்கவில்லை என்று ஆக்காது.

தாமதமாகக் கட்டிய எல்லோரும் குற்றவாளிகளா? இல்லை. நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. வங்கி விடுமுறை, உடம்பு சரியில்லை, பணம் அலுவலகப் பெட்டியிலேயே இருந்தது என்றால் அது ஒழுங்கீனம், அவ்வளவுதான். ஆனால் எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? பணம் அவர் கைக்கு வந்தது என்பதைக் காட்டிவிட்டு, கணக்குக் கேட்டபோது அவர் சொல்லவில்லை, அல்லது சொன்னது பொய் என்றும் காட்டினால், நேர்மையற்ற எண்ணத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறது. எந்தக் கடையில் என்ன வாங்கிச் செலவழித்தார் என்றெல்லாம் அரசுத் தரப்பு தேட வேண்டியதில்லை. இந்தப் பில் கலெக்டரோ ரொக்கப் புத்தகத்திலும் தேதியை மாற்றி எழுதியிருந்தார். அது பொய்க் கணக்கு எழுதியதற்கான தனிக் குற்றம், பழைய சட்டத்தில் 477-ஏ பிரிவு.

தொகை சின்னது என்ற வாதமும் எடுபடுவதில்லை. 2006-இல் ஒரு பஸ் கண்டக்டர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கையாடிய தொகை 360 ரூபாய் 95 காசு. நம்பிக்கை போய்விட்டது, தொகை முக்கியமில்லை என்று பணிநீக்கத்தை உறுதி செய்தார்கள். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் ரொக்கத்தைக் கையாளும் வேலையில் வேறு எங்கே கோடு போடுவது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

துறை விசாரணைக்கும் குற்ற வழக்குக்கும் அளவுகோல் வேறு. நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறையில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவு போதும். அதனால் வேலை முதலில் போகும், தீர்ப்பு எப்போதோ வரும். அந்தத் தீர்ப்பில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பக் கிடைக்காது.

இங்கேயும் அப்படித்தான். அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். குற்ற வழக்கில் வாய்தா மேல் வாய்தா. என் அறிக்கையில் இன்னொரு பத்தியும் இருந்தது. ரொக்கப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் செயல் அலுவலரின் கையெழுத்து இருந்தது, மாதம் முழுவதுக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட மாதிரி. செலானோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் ஜூலையிலேயே பிடிபட்டிருக்கும். அவருக்கும் குற்றச்சாட்டு குறிப்பாணை போனது. கடைசியில் ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு அதையும் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.