இரண்டு இஞ்ச் உள்மடிப்பு

போன மே மாதக் கடைசி. கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் என் தையல் கடை. முன்னால் இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை சீருடை இலவசம், ஒன்பதிலிருந்து துணியெடுத்துத் தைக்க வேண்டும். அதனால் ஒன்பதுக்குப் போகிற பிள்ளைகள் அம்மாக்களோடு வந்து குவிகிற நேரம். ஒருத்தி மட்டும் தனியாக வந்தாள்.

"அக்கா, கீழ ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சுத் தைங்க. சைடுலயும் துணிய வெட்டிராதீங்க. அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கிறேன், அப்புறம் தங்கச்சிக்கு ஆகும்."

கூலியில் இருபது ரூபாய் பேசிக் குறைத்தாள். குறைத்த கையோடு வாசலில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி, அதற்கு டாலர் என்று பெயர் வைத்து, என் வெட்டுத்துணியில் ஒரு ரிப்பனும் கட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்தச் சமயம் நான் ஈஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஈஸ் என்கிற மாரீஸ்வரி நான் எழுதும் மர்மத் தொடரின் நாயகி. ஊர் கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமம் பூம்பாறை, வயது பதினைந்து. ஒரு பொருளைத் தொட்டால், அதைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் அந்நேரம் கேட்ட சத்தமும் முகர்ந்த வாசனையும் அவளுக்கு வரும். முகம் தெரியாது. முகம் தெரிந்தால் முதல் பாகத்திலேயே திருடன் பிடிபட்டு, நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவளைப் பக்குவமான பெண்ணாகக் காட்ட ஆசைப்பட்டேன். அதற்கு நான் செய்ததெல்லாம், சாவைப் பற்றியும் விதியைப் பற்றியும் அவளை வசனம் பேசவிட்டதுதான். வத்தலக்குண்டிலிருக்கும் என் நாத்தனார் படித்துவிட்டு ஃபோன் பண்ணினாள். "அண்ணி, இது பதினஞ்சு வயசுப் புள்ளையா, பேரன் எடுத்த கிழவியா?" கோபம் வந்தது. ராத்திரி திரும்பப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

நாய்க்குட்டிக்காரி போன பிறகு, வசனங்களில் முக்கால்வாசியை வெட்டினேன். ஈஸின் அம்மாவையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தேன். ஆமாம், முதலில் கொன்றுதான் வைத்திருந்தேன். பிள்ளையைச் சீக்கிரம் பெரியவளாக்க எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கிற மலிவான வழி அது: தாயைக் கொல், தகப்பனைக் குடிகாரனாக்கு. அம்மா பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவளாக இருந்தால், ஈஸ் துப்புத் துலக்கக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்யோ ஒரு அனுமதியோ வேண்டும். கதைக்கு அது பெரிய இடைஞ்சல். அந்த இடைஞ்சல்தான் எனக்கும் வேண்டியிருந்தது.

பூண்டு இன்னொரு நல்லதும் செய்தது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் லேசில் கையை விட்டுப் போகாது. லீவு நாளில் அம்மாவோடு பூண்டு ஆய்ந்த கையால் ஈஸ் ஒரு பொருளைத் தொட்டால், வருகிற வாசனை திருடன் கையிலிருந்தா, தன் கையிலிருந்தா? மூன்றாம் பாகத்தில் அதில்தான் ஏமாந்து, குற்றமில்லாத ஒருவரைக் காட்டிக்கொடுத்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறாள். அப்புறம் அவர் வீட்டுக்கு அவளே நடந்து போகிறாள். அந்த நடையை எழுதத்தான் எனக்கு நாலு நாள் ஆனது.

ஈஸுக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். என் அம்மா ஊரில் நகை தொலைந்தால் குறி சொல்கிற கோடாங்கியிடம் போவார்கள். உடுக்கையை எடுக்கும் முன்னாலேயே வந்தவர்களிடம் பாதிக் கதையைக் கறந்துவிடுவார் அவர். யார் எடுத்தது என்று தெருப் பிள்ளைகளுக்கு அனேகமாகத் தெரிந்திருக்கும். எங்களை யாரும் கேட்டதில்லை. பள்ளியில் படித்த குறிஞ்சித் திணையிலும் இதே கதைதான். மகள் மெலிகிறாள் என்று தாய், முருகன் பூசாரியான வேலனை அழைப்பாள். அவன் கழங்குக் காய்களை வைத்துக் குறி பார்த்து, முருகன் பிடித்துக்கொண்டான் என்று சொல்லிச் சாமியாடுவான், ஆட்டுக்குட்டி அறுப்பார்கள். நோய் காதலால்தான் என்று மகளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும். குறி பார்க்கிறவன் கோட்டை விட, வாய் திறக்காத பெண்ணுக்கு உண்மை தெரிந்திருக்கிற கதை நம்ம மலைத் திணைக்கு ரொம்பப் பழையது. ஈஸுக்கு நான் அந்த வாய் திறக்காமையைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சங்கிலியை அடகு வைத்தது அந்த வீட்டுப் பையன்தான் என்று தெரிந்தும், அவள் முதலில் போவது பையனிடம்.

போலீஸ் காட்சியிலும் சறுக்கினேன். இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி மிரட்டுவதாக எழுதியிருந்தேன். சட்டை பிடிக்கக் கொடுக்க வந்த பெண் காவலர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, விசாரிக்கணும்னா பொம்பளைங்களையும் பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பசங்களையும் ஸ்டேஷனுக்கு வான்னு கூப்பிட முடியாது. அவங்க இருக்கிற இடத்துக்கு நாங்கதான் போகணும்." நல்லதாகப் போயிற்று. இப்போது இன்ஸ்பெக்டர் ஈஸ் வீட்டு அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார், தங்கச்சி அவர் தொப்பியைப் போட்டுப் பார்க்கிறாள். அவரிடம் இருப்பது இ-பாஸ் பட்டியல். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். இவளிடம் இருப்பது ஒரு சாவிக்கொத்திலிருந்து வந்த தைல வாசனையும் கோயில் மணிச் சத்தமும். இரண்டையும் ஒட்டினால்தான் திருடன் வந்த வண்டி கிடைக்கும். அவளுடைய வாசனையைக் கோர்ட்டில் சாட்சியாக வைக்க முடியாதே.

காதல் எப்போது என்றும் கேட்கிறார்கள். பிளஸ் டூ முடிக்கட்டும், பார்ப்போம்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள், உள்மடிப்பைப் பிரிக்க. ஓர் இஞ்ச் வளர்ந்திருந்தாள். ஆறாம் பாகத்தின் தாள்கள் மிஷின் மேல் கிடந்தன. நான் தையலைப் பிரித்து முடிப்பதற்குள் நின்றபடியே படித்துவிட்டாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லாருக்குக்கா. ஆனா ஏரிகிட்ட இருட்டுற வரைக்கும் நின்னுட்டு இவ பூம்பாறைக்கு எதுல போனா? பஸ் போயிருக்குமே. அவங்கம்மா தேடலையா?"

நான் யோசிக்கவே இல்லை. டாலர் எங்கே என்று கேட்டுவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். நான் ஆறாம் பாகத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.