வேலூர் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் பூச்சி தின்னும் செடிகள்: பத்தொன்பது மாத அனுபவம்

ஆடி மாதம் கூரியரில் வந்தது முதல் செடி. ஈரப் பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வீனஸ் ஃப்ளை ட்ராப். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பூச்சி உண்ணும் தாவரங்களின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இருந்த ஆசை, 38 வயதில் கைக்கு வந்தது. 600 ரூபாய். ஐந்தாவது வாரம் செத்துவிட்டது.

நட்டதில் குறை இல்லை. உரம் கலக்காத பீட் மாஸ் (மக்கிய சதுப்புப் பாசி), கழுவிய பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் லேசான வெள்ளைக் கல்), நல்ல வெயில். தண்ணீர்தான் தப்பு. மாடிக் குழாயில் வருகிற போர் தண்ணீரை ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியெல்லாம் உப்புப் படியும். ஆனால் அத்தையின் கத்திரிச் செடிகளுக்கும் அதே தண்ணீர்தான், அவை தழதழவென்று நிற்கின்றன. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் வாரம் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. இலை நுனி கறுத்தது. புதிதாக வந்த பொறிகள், அதாவது பூச்சி பிடிக்கும் இலைகள், வாய் திறக்காமலே கருகின.

அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி, வீட்டில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் டம்ளரில் பிடித்து அளந்தேன். போர் தண்ணீர் 1180. தெருக்குழாயில் வருவது 310. குடிக்கிற கேன் 68. ஏசியிலிருந்து சொட்டுவது 14. இந்தச் செடிகளுக்கு 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 100 வரை தாங்கும். நான் ஊற்றியது அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

காரணம் செடியின் சொந்த ஊரில் இருக்கிறது. வீனஸ் ஃப்ளை ட்ராப் உலகத்திலேயே அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சதுப்பு நிலங்களில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. அங்கே மண் அமிலத்தன்மை உள்ளது, எப்போதும் ஈரம், தழைச்சத்தும் மணிச்சத்தும் பேருக்குத்தான் இருக்கும். வேரால் எடுக்க முடியாததை இலையால் எடுத்துக்கொள்ளத்தான் பூச்சி பிடிக்கிறது. அப்படிப்பட்ட வேருக்கு நம் ஊர் உப்புத் தண்ணீர் விஷம்.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதை நானே பாலத்தில் நின்று பார்த்தேன். மற்றபடி மணல்தான். இந்த ஊரில் இந்தச் செடியை வளர்ப்பது என்றால் முதலில் தண்ணீர் சேர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செடி அப்புறம்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மாடி ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது, அதன் விளிம்பில் பிவிசி குழாயைப் பாதியாக அறுத்துக் கட்டினேன். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். மூன்றாவது மழையில் பிடித்ததை அளந்தேன்: 11. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, 20 லிட்டர் கேன்களில் நிரப்பினேன். கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது கேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தேங்கிய தண்ணீர் என்றால் டெங்குக் கொசு. மாநகராட்சியிலிருந்து டெங்கு தடுப்புப் பணிக்கு வருகிற அக்கா மாடி ஏறி வந்து, தொட்டிகளுக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு தட்டில் புழு நெளிந்தது. "கொசு புடிக்கிற செடின்னு சொல்ற, அதுக்குக் கீழயே கொசு வளக்குறியேம்மா" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு ஃப்ளை ட்ராப் மாதத்துக்குப் பிடிப்பது நாலைந்து பூச்சி, அவ்வளவுதான். வீட்டுக் கொசுவை ஒழிக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அன்றிலிருந்து கேன்களுக்கு மூடி, டிரம்முக்கு இறுக்கிக் கட்டிய துணி, தட்டுகளை வாரத்தில் ஒருநாள் கொட்டித் துடைத்துக் காயவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியிலேயே இரண்டாவது ஃப்ளை ட்ராப் வந்தது. அதற்கு வந்த ஆபத்து வேறு விதம். அத்தை முப்பது வருஷமாக மாடித் தோட்டம் போடுகிறவர். இலவம்பாடி முள்ளுக் கத்திரியை சிமெண்டுத் தொட்டியில் காய்க்க வைப்பார். ஒருநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது பீட் மாஸ் மேல் பச்சை கலந்த தண்ணீர் நின்றது. சாணிக் கரைசல்.

"இன்னாம்மா, மண்ணுல சத்தே இல்லாம நட்டு வெச்சிருக்கே. பாவம், வெறும் வயித்தோட கீது" என்றார் அத்தை.

அவருக்குத் தெரிந்த எல்லாச் செடிக்கும் அது உண்மை. செடியைப் பட்டென்று பிடுங்கி, வேரை மழைத் தண்ணீரில் நாலு முறை அலசி, புது மண்ணில் நட்டேன். பழைய இலையெல்லாம் போய்விட்டன, குருத்து தப்பியது. அத்தையை உட்கார வைத்து, இது எரு போட்டால் சாகிற செடி என்று விளக்கினேன். நம்ப அவருக்கு இரண்டு நாள் ஆனது. பிறகு அவரே என்னிடம் கேட்டார்: "அப்போ இதுக்கு சோறு எப்போ?"

சோறு போடக் கூடாது. முட்டையும் கறித்துண்டும் கூடாது, பொறியோடு அழுகிவிடும். ஒவ்வொரு பொறிக்குள்ளும் பக்கத்துக்கு மூன்று மெல்லிய முடிகள் இருக்கின்றன. சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை முடி தொடப்பட்டால்தான் பொறி மூடும். மழைத்துளி ஒருமுறை விழுந்து ஏமாற்ற முடியாது. மூடிய பிறகும் உள்ளே பூச்சி துடித்துக்கொண்டே இருந்தால்தான் இறுகி, சாறு சுரந்து, ஒரு வாரம் பத்து நாள் வைத்துச் செரிக்கும். துடிக்காத எதையும் அது உணவாக எடுப்பதில்லை. ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு காய்ந்துவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குச்சியோடு வந்தால் எனக்குப் பதறும். இப்போது ஒரு ஏற்பாடு: மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பிள்ளை, ஒரு எறும்பு. மற்றவர்கள் பார்க்கலாம்.

தை மாதம் ட்ரோசெரா பர்மானி விதை போட்டேன். இலை முடிகளில் இருக்கும் பசைத் துளியால் பூச்சி பிடிக்கிற செடி. இது வெளிநாட்டுச் செடி இல்லை. தமிழ்நாட்டிலும் ஈரமான மணல் தரைகளில் தானாக வளர்வது. சித்த மருத்துவம் சொல்லும் அழுகண்ணி இந்த வகைதான் என்று பலர் சொல்கிறார்கள். இலையெல்லாம் கண்ணீர் கோத்தது போல இருப்பதைப் பார்த்தால் பேர் பொருத்தம்தான். விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மண்ணால் மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். ஈர பீட் மேல் தூவி, கண்ணாடித் தாள் போர்த்தி வைத்தேன். பதினேழாம் நாள் பச்சைப் புள்ளிகள். வெறும் கண்ணுக்குப் பாசியா செடியா என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: கடுகில் பாதி அளவு இலை, அதன் ஓரத்தில் ஏழெட்டு முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு துளி. பிறந்த உடனே வலை விரித்துவிட்டது.

பங்குனியில் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தரையோடு ஒட்டிய வட்டமாக வந்துவிட்டது. ஒரு காலை ஏழு மணி இருக்கும், காபியோடு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஈர மண்ணில் திரியும் பொடிப் பூச்சி ஒன்று இலை ஓரத்தில் உட்கார்ந்தது. இறக்கை ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் இருந்த நீள முடிகள் மட்டும், துளி இல்லாத முடிகள், நிமிர்ந்து அப்படியே உள்பக்கம் மடிந்தன. செல்போனில் பார்த்தேன், பதினைந்து நொடிகூட ஆகவில்லை. மற்ற ட்ரோசெராக்கள் சாவகாசமாக மடியும். பர்மானிக்கு அந்த வேகம். பூச்சி இலை நடுவில் பசைக்குள் போய்விட்டது. நாலு நாள் கழித்து இறக்கையின் சல்லடை மட்டும் இலையில் கிடந்தது. காபி ஆறிப்போனதை அப்புறம்தான் கவனித்தேன்.

வேலூரில் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் செடியைத்தான். வெயிலைத் தாங்குகிறது, தானாகப் பூத்து விதை கொட்டுகிறது, தாய்ச்செடி போனாலும் அதே தொட்டியில் பிள்ளைகள் வந்துவிடுகின்றன. கேட்பது சுத்தமான தண்ணீர் மட்டும்.

ஃப்ளை ட்ராப் அப்படி விடாது. அதற்கு மூன்று மாதக் குளிர்கால உறக்கம் வேண்டும். எங்கள் மார்கழிக் குளிர் நமக்குத்தான் குளிர். அந்தச் செடிக்குப் போதாது. அதனால் மார்கழி முதல் வாரம் செடியை எடுத்து, இலைகளை வெட்டி, வெங்காயத் தாளின் அடிப்பகுதி மாதிரி வெள்ளையாக இருக்கும் கிழங்கைப் பிழிந்த ஈரப் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்குள் வைத்தேன். மேலே 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். மாசி கடைசியில் எடுத்து நட்டபோது பத்து நாளில் சிவப்புக் குருத்து விட்டது.

பிறகு சித்திரை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் தெர்மாமீட்டரைக் குத்தினால் மதியம் 44 டிகிரி. வேர் வெந்துவிடும். நிழல்வலை கட்டினேன், 41. வெள்ளை பெயிண்ட் அடித்தேன், 39. பெரிய வித்தியாசம் கொடுத்தது மண்பானைதான். ஒரு அகலமான மண்சட்டியில் ஆற்றுமணல் நிரப்பி, நடுவில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் மக் ஒன்றைப் புதைத்தேன். மக்குக்குள் விரல் உயரம் மழைத் தண்ணீர், அதில் செடித் தொட்டி. சுற்றியிருக்கும் மணலுக்குப் போர் தண்ணீரை ஊற்றினேன். அந்த உப்பு மக்கைத் தாண்டி உள்ளே வர முடியாது. சட்டி வெளியே வியர்க்க வியர்க்க உள்ளே குளிர்ந்தது. அதே வெயிலில் 34. பானையில் வைத்த தண்ணீர் குளிர்வது எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதானே, அதையே செடிக்குச் செய்தேன். கத்திரி வெயில் முழுக்க ஒரு செடியும் போகவில்லை.

இன்னொரு செடியும் வாங்கியிருந்தேன், இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சியை விழவைத்துத் தின்னும் குடுவைச் செடி. அதற்கு வேறு பிரச்சினை, காற்றின் வறட்சி. நான் வாங்கியது நெபந்தஸ் வென்ட்ராட்டா என்ற கலப்பினம். இந்தியாவுக்குச் சொந்தமான ஒரே குடுவைச் செடி மேகாலயாவின் நெபந்தஸ் காசியானா. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம், காட்டிலிருந்து பிடுங்கி வருவதாகத் தெரிந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். என் செடி மாடியில் இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. இலை நுனியிலிருந்து நீளும் கொடி, முனையில் அரிசி அளவு புடைக்கும், பிறகு காய்ந்துபோகும். ஐந்து மாதம் இப்படி. கடைசியில் கீழே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில் தொங்கவிட்டேன். அங்கே நாள் முழுக்க ஈரம்.

ஆவணி மழையில் ஒரு முனை நிற்காமல் வளர்ந்தது. கட்டைவிரல் நீளம் ஆனபோது காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மூடி இன்னும் ஒட்டித்தான் இருந்தது, ஆனால் உள்ளே கால்வாசிக்குத் தண்ணீர் தெரிந்தது. மழைத் தண்ணீர் இல்லை. செடியே சுரந்து வைத்த சாறு. திறப்பதற்கு முன்னாலேயே தயாராக இருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொடியைத் தொடாமல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். மூன்றாம் நாள் மூடி தூக்கியது. வாய் விளிம்பு இரண்டு நாளில் வெளிப்பக்கம் சுருண்டு சிவந்தது. துவைக்கிற கல்லிலிருந்து எறும்புச் சாரி நேராக அங்கே ஏறியது.

இப்போது மாசி. ஃப்ளை ட்ராப் இரண்டாவது உறக்கம் முடிந்து நேற்று வெளியே வந்தது. பாசியைப் பிரித்தால் கிழங்கு தானாக மூன்றாகப் பிரிந்திருந்தது, மூன்றையும் தனித்தனியாக நட்டேன். ட்ரோசெரா இருபத்திரண்டு. குடுவைச் செடியில் ஐந்து குடுவைகள், ஒன்று மட்டும் வாடுகிறது.

கேன்களில் மிச்சம் 140 லிட்டர். இப்போது நாளுக்கு ஒரு லிட்டர் போதும், சித்திரையில் இரண்டரை ஆகும். ஆடி மழை வரை எப்படிப் பார்த்தாலும் நூறு லிட்டருக்கு மேல் இடிக்கிறது. பங்குனி முதல் ஏசி ஓடும், ராத்திரிக்கு மூன்று லிட்டர் சொட்டும். அதைப் பிடிக்க வாளி வைக்கிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்.