பழசு

நவம்பர் 11, திங்கள்

அப்பாவின் நாலு ஹார்ட் டிஸ்க்கையும் செருகி சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுவதில்லை. கம்பெனி படம் வருகிறது, போகிறது. அப்புறம் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரே ஒரு கோடு மினுக் மினுக்கென்று. அரை மணி நேரம் ஸ்வெட்டரோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாலையும் கழற்றினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது.

மதுரையிலிருந்து அக்கா பேசினாள். அப்பாவின் நெஞ்சிலிருந்து ஒன்றரை லிட்டர் நீர் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வர எட்டு பத்து நாள் ஆகுமாம்.

நவம்பர் 12, செவ்வாய்

கொடைக்கானலில் மழை. மூஞ்சிக்கல் வரைக்கும்கூடப் போகவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் அப்பா வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைத்திருக்கிறார். கு-06. கு-18. கல்யாணம். பழசு. கு என்றால் குறிஞ்சி, கூடவே அது பூத்த வருஷம். நாலும் பிஸ்கட் டப்பாவுக்குள், ஒரு துணியில் முடிந்த அரிசியோடு. இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், டிஸ்க் எம்மாத்திரம் என்பார். அரிசியை மாசம் ஒருமுறை மாற்றுவார். தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது. மாற்றிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பட கேட்லாக்கில், அப்பா கேட்ட அந்தப் படம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. நீலச் சரிவு, நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. அதுதான் அம்மா. பெரிதாக்கினால் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. கு-06-ஐ மட்டும் செருகித் தேடினேன், அந்த ஃபோல்டரே இல்லை. 2018-இல் அப்பா எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கஜா புயல் வந்தது. பாதி இங்கே, மீதி எங்கே என்று அவருக்கே நினைவில்லை. கேட்லாக்குக்குத்தான் தெரியும். ஆனால் அதற்கு எஃப், ஜி, எச், ஐ என்று நாலு டிரைவும் அதனதன் எழுத்தோடு நிற்க வேண்டும். ஒன்று இல்லாத நேரத்தில் இன்னொன்று அதன் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நவம்பர் 13, புதன்

அப்பாவுக்கு ஆக்சிஜன் 91.

நவம்பர் 14, வியாழன்

இன்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். கு-06, எழுந்தது. கு-18, எழுந்தது. கல்யாணம், எழுந்தது.

பழசைச் செருகியதும் கறுப்புத் திரையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி படம் வந்தது! கீழே அந்த நீலப் பட்டை ஓட ஆரம்பித்தது. ஸ்டூடியோவில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் நடப்பது அதுதான். பட்டை ஓடி முடிவதற்குள் அம்மா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி வைத்துவிடுவாள். இரண்டு சுற்று ஓடியிருக்கும், உடனே நீலத் திரை. நின்றுவிட்டது.

பழசு என்பது ஸ்டூடியோ லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க். கேசிங்கில் போட்டு வைத்திருந்தார். அதற்குள் எக்ஸ்பி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எழும்போது பயாஸ், அதாவது போர்டிலேயே இருக்கிற எழுப்பிவிடும் புரோகிராம், ஒவ்வொரு டிஸ்க்காகத் தேடிப்போய் முதல் 512 பைட்டைப் படிக்கிறது. கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் இதிலிருந்து கிளம்பலாம் என்று நினைத்துக்கொண்டு பொறுப்பை அதனிடம் கொடுத்துவிடுகிறது. எக்ஸ்பியால் யூஎஸ்பி வழியாக எழ முடியாது. தன் வீட்டு போர்டு இல்லை என்று தெரிந்ததும் விழுந்துவிடுகிறது. டெலீட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள்ளே போய்ப் பார்த்தேன், எதிலிருந்து முதலில் எழுவது என்ற பட்டியலில் பழசுதான் முதலில் நிற்கிறது. உள் டிஸ்க்கை மேலே ஏற்றி வைத்தேன்.

நாலையும் செருகினேன். எழுந்தது. அக்காவுக்குப் போன் பண்ணி எழுந்துருச்சு என்றேன். யாரு என்று கேட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

ராத்திரி கரண்ட் போய்விட்டு வந்திருக்கிறது. காலையில் மறுபடி கறுப்புத் திரை, மறுபடி அந்தக் கோடு. கழற்றிவிட்டுப் போட்டால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. தேதி தப்பு என்று இணையத்தில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பட்டியலில் பழசு மறுபடி மேலே.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசம் மட்டும்.

நவம்பர் 16, சனி

கஜா அடித்த நாள். நாலு நாள் கரண்ட் இல்லாமல் இதே வீட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு இருந்தோம். அப்பா டிஸ்க்குகளை கம்பளியில் சுற்றி கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அக்கா சொன்னது காலையிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போதைக்கு மேலே கூட்டிப் போகவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மதுரையிலேயே 91 என்றால் அங்கே தாங்காதும்மா என்றாராம். அவர் சொல்வது சரிதான். நம் ஊர் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குகூட இல்லை. நாற்பது வருஷம் இந்தக் காற்றையே இழுத்துக்கொண்டு, கேமரா பையையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு பூம்பாறை மேடெல்லாம் ஏறி இறங்கினவர். இப்போது அவரை இங்கே கொண்டுவரக் கூடாது என்றால் அவருடைய வீடு எது?

பழசின் கேசிங்கைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கின் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பக்கத்தில், இந்தத் துளையை மூடாதீர்கள் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. டிஸ்க்குக்கும் மூச்சு வேண்டும். உள்ளே படிக்கிற முனை தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு சுற்றுகிற வேகத்தில் எழும்புகிற காற்று மெத்தையில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. காற்று ரொம்ப மெலிந்தால் முனை தட்டில் இடித்துவிடும். அதனால்தான் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் ஓடும் என்று விவரத்தாளில் போடுகிறார்கள். இதற்கு 3,048. இன்னும் தொள்ளாயிரம் மீட்டருக்குமேல் கையிருப்பு இருக்கிறது. துளையைச் சுற்றி இருந்த தூசியை ஊதவில்லை, பட்டுத்துணியால் ஒற்றி எடுத்தேன்.

அவருக்கு எத்தனை மீட்டர் என்று யாரிடம் கேட்பது.

நவம்பர் 17, ஞாயிறு

குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போனேன். தெளிந்த நாளில் அங்கிருந்து பழனி தெரியும். இன்று எதிரில் நின்ற ஆட்டோகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பாவே பேசினார். ஒரு வாக்கியம், கொஞ்சம் மூச்சு, அடுத்த வாக்கியம்.

“படம் கிடைச்சுதா பாப்பா?”

“இன்னும் இல்லப்பா. பழசுல இருக்குமோன்னு பாக்குறேன்.”

“அதுல ஒண்ணும் இல்ல, பில்லுதான்... அம்மா பச்சப் புடவ கட்டியிருப்பா... அடுத்தது 2030-லதான?”

ஆமாம்ப்பா என்றேன். 1994, 2006, 2018 என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆறு வருஷம் என்று முடித்தார்.

நவம்பர் 18, திங்கள்

பேட்டரி! போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032. பட்டியலின் வரிசையும் தேதியும் அதன் தயவில்தான் நிற்கின்றன. சுவரில் கரண்ட் இருக்கிற வரைக்கும் தெரியாது, போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மூஞ்சிக்கல் வாட்ச் கடையில் பழையதை அளந்து பார்த்தார், 2.3 வோல்ட். புதியது 3 இருக்க வேண்டும். அப்பா எப்படிம்மா இருக்காரு என்று கேட்டார். காசு வாங்கவில்லை.

போட்டேன். வரிசையைத் திருத்தினேன். வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டேன். தேதி சரி, வரிசை சரி, உள் டிஸ்க்கிலிருந்து எழுந்தது.

ஆனால் ஐ டிரைவ் இல்லை. பழசின் மேல் உள்ளங்கையை வைத்தால் சுற்ற ஆரம்பிப்பது தெரிகிறது. அப்புறம் கிட், கிட். நின்றுவிடுகிறது. மறுபடி சுற்றுகிறது, மறுபடி கிட். இந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்.

நவம்பர் 19, செவ்வாய்

தூங்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன்.

சாகவில்லை, பசி. நாலு டிஸ்க்கையும் செருகியிருக்கிற ஹப்பில் நாலு வாய் இருந்தாலும் அது கம்ப்யூட்டரின் ஒரே ஒரு வாயிலிருந்துதான் வாங்குகிறது. பழைய யூஎஸ்பி வாயில் மொத்தமே 500 மில்லிஆம்பியர். அதை நாலு டிஸ்க் பங்குபோட்டால் எதற்கும் காணாது. சுற்ற ஆரம்பிக்கிற அந்த நொடியில்தான் டிஸ்க் அதிகமாக இழுக்கும். நாலும் இருந்தபோது வெறும் கோடு, பழசைத் தனியாகப் போர்டிலேயே செருகியபோது எக்ஸ்பி படம். ஏன் என்று இப்போது புரிகிறது.

அடாப்டர் வைத்த ஹப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு கடையில் இல்லை. நாளைக்கு வரவழைத்துத் தருகிறார்களாம்.

அக்காவிடம் ரிசல்ட் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

ஹப் வந்தது. நாலும் எழுந்தன. எஃப், ஜி, எச், ஐ.

கேட்லாக்கில் படத்தை அழுத்தினேன். ஐ டிரைவ். பழசு. பில் ஃபோல்டருக்குள், 2006 செப்டம்பர், 212 படங்கள். கஜாவுக்கு முந்தின நாள் வேறெங்கும் இடமில்லாமல் அதில் போட்டிருக்கிறார்.

2006-இல்தான் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறினார், ஒரே ஒரு 1 ஜிபி கார்டு. குறிஞ்சிக்குத் தபால்தலை வந்ததும் அதே வருஷம். அம்மா பத்து வாங்கி வைத்தாள்.

படம் முழுத் திரைக்கு வந்தது. சரிவு முழுக்கப் பூ. பழுப்புப் புள்ளி, ஸ்வெட்டர். முழங்கைப் பக்கம் நூல் பிரிந்து, வேறு நிறத்தில் தைத்திருக்கிறாள். பூவைப் பார்க்கவில்லை. குனிந்து தூக்குவாளியின் கொக்கியைப் பார்க்கிறாள், அது எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஸ்வெட்டருக்குக் கீழே தெரிகிற புடவை பச்சை இல்லை, ஊதா. பூவோடு பூவாகக் கலந்துபோய், ஸ்வெட்டர் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டு பிரதி எடுத்தேன். புடவை பற்றி அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து பஸ் போகவில்லை. ரிசல்ட் நாளைக்கு.

நவம்பர் 22, வெள்ளி

முதல் பஸ். போனில் அனுப்பினால் போதும் என்றாள் அக்கா. நான் டிஸ்க்கையே கொண்டுபோகிறேன். துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன், துளை இருக்கிற பக்கம் மேலே. ஊத்து என்கிற ஊர் தாண்டியாயிற்று. காது அடைத்துத் திறக்கிறது.