நாங்களாக விலகியதாக ஒரு கடிதம்

ஓடர் குறைந்தால் ஆள் குறைப்பார்கள் என்பது கார்மென்டில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். இலங்கையில் 2022இல் எரிபொருள் இல்லாத நாட்களிலும் எப்படியோ வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அடுத்த வருடம் வெளிநாட்டு ஓடர் குறைந்து, ஓவர்டைம் நின்று, ஒரு தையல் லைனையும் மூடியபோது, இனி என்ன வரும் என்று விளங்கிவிட்டது. அதனால் ஆட்களை நிறுத்தியதில் எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. நிறுத்திய விதம்தான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப்பேர் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம். வவுணதீவு, கரடியனாறு, கொக்கட்டிச்சோலை என்று கம்பனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அந்த பஸ்ஸை விட்டால் வீடு போவது பெரும்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிகிற நேரம் பார்த்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே பஸ் ஸ்டார்ட்டில் நின்றது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சேர், பக்கத்தில் ஆட்கள் விஷயம் பார்க்கிற எங்கள் எச்.ஆர். பிள்ளை, மேசையில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடிதம். இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் தருகிறோம், இதில் கையெழுத்து வையுங்கள் என்றார்கள்.

என் முறை வந்தபோது, "இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "சும்மா ஒரு போர்மாலிட்டிதான் அக்கா, எல்லாரும் வெச்சிட்டாங்க" என்றாள் அந்தப் பிள்ளை. வீட்டில் தம்பிக்குக் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். கடிதத்தை வெளியே கொண்டுபோக விடமாட்டார்களாம். சரி, அப்படியென்றால் நானும் வைக்கவில்லை என்று எழும்பி வந்துவிட்டேன். முதல் ஆளாக உள்ளே போனவளிடமும் "எல்லாரும் வெச்சிட்டாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். வரவு பதிகிற காட் வேலை செய்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வைத்த என் மச்சாளுக்குக் கேட்டைத் திறக்க வேண்டாம் என்று செக்யூரிட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். லொக்கரில் கிடந்த செருப்பையும் சாப்பாட்டுப் பெட்டியையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு வருடம் வேலை செய்தவள். வாராவாரம் கட்டுகிற நுண்கடன் வேறு அவளுக்கு இருந்தது.

அவளோடு தொழில் அலுவலகத்துக்குப் போனேன். நியமனக் கடிதம், பே ஸ்லிப், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துப் போனது நல்லதாகப் போய்விட்டது. அங்கிருந்த மிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் போனால் நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது வருடத்துக்கு இரண்டு மாதம். மச்சாளின் ஆறு வருடத்துக்குப் பதினாலரை மாதச் சம்பளம் வருகிறது. கம்பனி கொடுத்தது இரண்டு.

அந்தக் கடிதம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. "சொந்தக் காரணத்தால் நானாக விலகுகிறேன்" என்பதுதான் அதில் இருந்ததாம்.

இன்னொன்றும் தெரிந்தது. தானாக விலகினாலும், ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை கிடைக்க வேண்டும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். மச்சாளுக்கு அதுவே மூன்று மாதச் சம்பளம். ஆக, பெரிய மனது பண்ணிக் கொடுத்ததுபோலக் காட்டிய காசு, எப்படியும் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவு. அலுவலகம் கம்பனியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு பணிக்கொடை வந்தது. நட்டஈட்டுப் பேச்சு இழுபட்டுக்கொண்டே போகிறது. கையெழுத்து இருக்கிறதே என்று கம்பனி பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு போய்விட்டதென்று சிலர் அழுதார்கள். அது போகாது, கணக்கில் அப்படியே கிடக்கும்.

உள்ளே இருந்த எங்கள் கதை வேறு. எந்தக் கணக்கில் பெயர் எடுத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாதபடியால் ஆளுக்கொரு கணக்கு. லீவு கூட எடுத்தவர்களாம், பிள்ளைப்பேற்றுக்குப் போய் வந்தவர்களாம், சூப்பர்வைசரோடு வாய் காட்டியவர்களாம். நான் குவாலிட்டி செக்கர். முன்பெல்லாம் "அக்கா, இந்த பண்டில்ல தையல் விட்டிருக்கு, பாருங்க" என்று தைக்கிற பிள்ளைகளே காட்டித் தருவார்கள். அதற்குப் பிறகு பிழையான துண்டு பண்டிலின் அடியில் போனது. பிழை கூடினால் அடுத்த பட்டியலில் பெயர் வரும் என்ற பயம். கொலர் வைக்கத் தெரிந்தவர்கள் புதுப்பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எச்.ஆர். பிள்ளை சாப்பாட்டறைக்கு வந்தால் மேசை காலியாகும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. "எல்லாரும் வெச்சிட்டாங்க" என்ற வார்த்தையை அவளுக்கும் யாரோ சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

மனேஜர் கூட்டம் வைத்து, இனி யாரையும் நிறுத்தமாட்டோம், நாமெல்லாம் ஒரு குடும்பம் என்றார். யாரும் கை தட்டவில்லை. அப்புறம் நன்றாக வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கும் கட்டார் நாட்டுக்கும் போகத் தொடங்கினார்கள். இந்த முறை விலகல் கடிதங்களை அவரவரே எழுதினார்கள். ஓடர் திரும்ப வந்தபோது தைக்க ஆள் போதவில்லை, பழைய ஆட்களுக்குப் போன் போட்டார்கள். மச்சாள் போகவில்லை. வீட்டில் மெஷின் வைத்துப் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறாள்.

நான் இன்னும் அங்கேதான். சித்திரைக்கு போனஸ் உண்டு என்று இந்த முறை வாயால் சொன்னார்கள். தமிழில் எழுதி, கையெழுத்து வைத்து ஒட்டுங்கள் என்று லைனில் இருந்த எல்லாரும் கேட்டோம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஒட்டினார்கள். இடைவேளைக்கு முன்பே ஒருத்தி அதைப் போனில் படம் பிடித்து எங்கள் வட்சப் குழுவில் போட்டுவிட்டாள்.