நீளம் வேறு, இடம் வேறு

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் மொத்த நீளத்தையே முதலில் பார்க்கிறார்கள். உள்ளிடத்தைப் பெரிதும் தீர்மானிப்பதோ முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமான வீல்பேஸ். ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக்கின் நீளம் 4,340 மி.மீ., வீல்பேஸ் 2,610 மி.மீ. 2024-இல் வந்த எம்ஜி வின்ட்ஸர் 4,295 மி.மீ. நீளமே கொண்டிருந்தும் அதன் வீல்பேஸ் 2,700 மி.மீ. பெட்ரோல் காரின் உடலில் மின்கலத்தைப் பொருத்தாமல் மின்சாரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதால், சக்கரங்களை ஓரங்களுக்குத் தள்ளி, பின்னிருக்கையில் தாராளமாகக் கால் நீட்ட இடம் விட முடிந்திருக்கிறது. டிக்கியும் 604 லிட்டர்; க்ரெட்டாவில் 433தான், முன் மூடிக்குக் கீழே இன்னொரு 22 (சார்ஜர் கம்பிக்குப் போதும்). ஆனால் அடியிலுள்ள மின்கலத்தால் தளம் உயர்ந்து, தொடை இருக்கையில் முழுதாகப் படியாமல் முழங்கால் மேலேறுவதை எந்த அளவுப் பட்டியலும் சொல்லாது என்பதால், ஷோரூமில் நான் முதலில் அமர்வது பின்னிருக்கையில்தான்.