நெத்திலி என்று சொல்லத் தோன்றாத காலம்

கப்பலின் பொது உணவுக்கூடத்தில் இரண்டு ஒப்பந்தக் காலம் பரிமாறிய பிறகே, தனிக் கட்டணம் வாங்கும் இத்தாலிய உணவகத்துக்கு என்னை மாற்றினார்கள். மயாமியிலிருந்து புறப்பட்டு, கரீபியன் துறைமுகங்களைத் தொட்டு, ஏழாம் நாள் திரும்பும் கப்பல் அது. பொதுக்கூடத்துச் சாப்பாடு பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். மாலையில் இரண்டு பந்தி, முதல் பந்தி எழுவதற்குள் இரண்டாம் பந்தி வாசலில் நிற்கும். தனி உணவகத்திலோ எனக்கு நான்கே மேசைகள். ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு மேல் இன்னொரு தொகை கொடுத்து வந்து உட்காருபவர், எவரும் தம்மை அவசரப்படுத்தாத இரண்டு மணி நேரத்தைத்தான் முக்கியமாக வாங்குகிறார் என்பது என் எண்ணம். (நாங்கள் பணியாளர் உணவறையில் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடுவோம் என்பது வேறு கதை.)

அங்கே என் தனிப் பொறுப்பு, தள்ளுவண்டியில் வைத்து விருந்தினர் கண்முன் கலந்து தரும் சீசர் சாலட். 1924இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் உணவகம் நடத்திய சீசர் கார்டினியின் பெயர்தான் அதற்கு வந்தது என்று சொல்லிக்கொண்டே மரக்கிண்ணத்தில் பூண்டை நசுக்குவேன். பச்சை முட்டைக்கு இடமில்லை. பாஸ்சுரைஸ் செய்த மஞ்சள் கருதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிக் கப்பலில் ஏறிச் சமையற்கட்டைச் சோதிப்பார்கள். நூற்றுக்கு 85 வாங்கினாலும் தோல்விதான் என்பதால், அந்தச் சோதனையைக் கப்பலில் குறிக்கும் 'யூஎஸ்பிஹெச்' என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும். குளிர்பதனத்தின் வெப்பநிலை, கை கழுவும் முறை எல்லாம் எனக்கு மனப்பாடம். கிண்ணத்தில் இருப்பது என்ன என்பதைத்தான் நான் சரியாக யோசித்துப் பார்க்கவில்லை.

எண்ணெயில் ஊறிய பழுப்பு நிறத் துண்டுகள் இரண்டைப் பூண்டோடு சேர்த்து மசிப்பேன். அதன் பெயர் ஆஞ்சோவி என்று பயிற்சியில் படித்திருந்தேன், ஒப்பித்தேன். தூத்துக்குடிக்காரனான நான், அம்மா வைக்கும் குழம்பில் தலை கிள்ளிப் போடும் நெத்திலியின் இனம்தான் அது என்று ஒரு நாளும் இணைத்துப் பார்த்ததில்லை. முதல் மாதத்தில், தாம் சைவம் என்று சொன்ன ஒரு பெண்மணிக்கு இலைதழைதானே என்று அதைக் கலந்து கொடுத்தேன். அவர் பாராட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துச் சரக்கறையில் டின்னின் மேல் இருந்த மீன் படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் எப்போதோ கரையிறங்கிப் போயிருந்தார். மேற்பார்வையாளரிடம் சொன்னேன், "புகார் வரவில்லையே" என்று முடித்துக்கொண்டார். எனக்கு அது முடியவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில், மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருந்த மயிலாப்பூர்த் தம்பதியர் என் மேசைக்கு வந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் அந்த அம்மாள், "தம்பி, இது என்ன, புளியா?" என்று கேட்டார். "நெத்திலிங்கம்மா" என்றேன். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். வேறு கிண்ணம், வேறு கரண்டி கொண்டுவந்து, எலுமிச்சையும் கடுகு விழுதும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்துக் கலந்தேன். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைத் துருவும் முன், அதில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். ஊரில் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிப் பழகிய அவருக்கு அது பேரதிர்ச்சி. "அப்படின்னா பிள்ளை வீட்டுல இத்தனை நாளா..." என்று தொடங்கிக் கணவரைப் பார்த்தார், அவர் ரொட்டிக் கூடைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மேசை எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் விசாரித்தார். தெரியாதவற்றுக்கு நான் சமையற்கட்டுக்கு நடந்தேன், ஆறு முறை. பயணத்தின் கடைசி மாலையில் மறுபடியும் முன்பதிவு செய்து வந்தவர், பட்டியலைத் திறக்கவே இல்லை. "நீங்களே கொண்டாங்க தம்பி" என்றார்.